சிச்சென் இட்சாவுக்கு ஒரு நாள்: தனி வழிகாட்டியா, பேருந்தா, நாமே போவதா?

மெக்சிகோவின் கான்கூனில் விடுமுறைக்கு ஓட்டல் போட்டவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். மாயா மக்கள் கட்டிய பழங்கால நகரமான சிச்சென் இட்சாவைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியாகிவிட்டது. ஆளுக்கு 60, 70 டாலர் வாக்கில் சுற்றுலாப் பேருந்து கிடைக்கிறது. தனி வண்டி, தனி வழிகாட்டி என்று போனால் குடும்பத்துக்குச் சேர்த்து 400 டாலர் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டிப் போகலாம். இப்போது மாயா ரயிலும் ஓடுகிறது. எதை எடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வண்டியில் போகிறோம் என்பது இரண்டாம்பட்சம். இந்தப் பயணத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, எத்தனை மணிக்கு வாசலில் நிற்கிறோம். இரண்டு, உள்ளே நம்மோடு நடந்து வருபவருக்கு அந்தக் கற்களைப் பற்றி எவ்வளவு தெரியும். இந்த இரண்டும் கிடைத்தால் 400 டாலர் கொடுக்கலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தனிப் பயணம் என்ற பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நேரத்தை முதலில் பார்ப்போம். கான்கூன் இருப்பது கிந்தானா ரோ மாநிலத்தில், சிச்சென் இட்சா இருப்பது பக்கத்து யுகட்டான் மாநிலத்தில். கிந்தானா ரோ 2015இல் தனக்கென்று வேறு நேரத்துக்கு மாறியது. 2022இல் மெக்சிகோ கோடைக்கால நேரமாற்றத்தையும் கைவிட்டது. அதனால் ஆண்டு முழுவதும் கான்கூன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தூரம் சுமார் 200 கிலோமீட்டர், சுங்கச் சாலையில் இரண்டரை மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் அங்கே 7.30 மணிக்கு இறங்குவீர்கள். வாசல் திறப்பது 8 மணிக்கு. நமக்கு இனாமாகக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை, ஓட்டல் ஓட்டலாக ஆள் ஏற்றிச் சுற்றும் பேருந்து அப்படியே விழுங்கிவிடுகிறது.

8 மணிக்கும் 11 மணிக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரும் இடம் இது. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2007இல் புதிய உலக அதிசயங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு கூட்டம் குறைந்தபாடில்லை. இறகுப் பாம்புத் தெய்வமான குக்குல்கானின் பிரமிடில், வடக்குப் படிக்கட்டுக்கு நேரே நின்று கைதட்டினால், எதிரொலி கைதட்டலாகத் திரும்பி வராது. மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வருவதுபோல ஒரு பறவைக் கீச்சொலி கேட்கும். மாயா மக்கள் போற்றிய கெட்ஸால் பறவையின் குரல் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். காலை 8.15க்கு நீங்கள் ஒருவர் தட்டினால் அது தெளிவாகக் கேட்கும். 11 மணிக்கு இருபது குழுக்கள் இருபது பக்கம் தட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பாதைகளின் இரு மருங்கிலும் கடைகள் விரிந்து, ஜாகுவார் உறுமல்போல ஒலிக்கும் மர ஊதல்களை வியாபாரிகள் ஊதத் தொடங்கியிருப்பார்கள். வெயிலும் ஏறிவிடும். மார்ச் முதல் மே வரை 38 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, நடு மைதானத்தில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது.

பேருந்துக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் விற்பது வேறு சரக்கு. காலையில் உங்களை ஏற்றிக்கொண்டு இன்னும் பல ஓட்டல்களைச் சுற்றி, நடுவில் ஒரு கைவினைக் கடையில் நிறுத்தி, மதிய வெயிலில் கொண்டுபோய் இறக்குவார்கள். வழிகாட்டியோடு ஒரு மணி நேரம், தனியாகச் சுற்ற ஒரு மணி நேரம். அப்புறம் செனோட்டே எனப்படும் இயற்கை நீர்க்கிணறு ஒன்றில் குளியல், பஃபே சாப்பாடு, வயடோலிட் நகரில் அரை மணி நேரம் என்று முடித்து, இருட்டிய பிறகு ஓட்டலில் விடுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரப் பயணத்தில் சிச்சென் இட்சாவுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். தனியாகப் பயணம் செய்பவர், பிரமிடை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்பவர், குளியலும் ஊர் சுற்றலும் சேர்ந்தே இருக்கட்டும் என்பவர் தாராளமாக இதில் போகலாம்.

ஆனால் விலையை மட்டும் சரியாகக் கணக்குப் போடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் தொகையில் பல நேரம் நுழைவுக் கட்டணம் சேராது, பேருந்தில் ஏறியதும் தனியாக வசூலிப்பார்கள். சிச்சென் இட்சாவில் மத்தியத் தொல்லியல் நிறுவனத்துக்கு ஒரு சீட்டு, யுகட்டான் மாநில அரசுக்கு ஒரு சீட்டு என்று இரண்டு வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பெசோவைத் தாண்டுகிறது. நான்கு பேர் குடும்பம் ஆளுக்கு 70 டாலர் வீதம் பேருந்தில் போனால் 280 டாலர். தனிப் பயணத்துக்கு 400 என்றால், வித்தியாசம் 120 டாலர்தான். இரண்டு பேர் மட்டும் என்றால் 140க்கு எதிராக 400, அது பெரிய வித்தியாசம். ஆறு பேர் என்றால் பேருந்தே கூடுதல் செலவாகிவிடும். தனி வழிகாட்டி பணக்காரர்களுக்கானது என்று தள்ளிவைக்கும் முன் தலைகளை எண்ணிப் பாருங்கள்.

இனி வழிகாட்டி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தனிப் பயணம் என்று விற்பவற்றில் ஒரு பகுதி, வெறும் ஓட்டுநரோடு கூடிய தனி வண்டிதான். தொல்லியல் வளாகத்துக்குள் வழிகாட்ட அரசின் அங்கீகார அட்டை வேண்டும். அது இல்லாத ஓட்டுநர் வாசலில் நின்றுவிடுவார். உள்ளே அந்த நேரத்தில் கையில் கிடைத்த யாரோ ஒருவரைக் கூட்டிவிடுவார், அல்லது உங்களைத் தனியே அனுப்பிவிடுவார். பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எங்களோடு உள்ளே வருபவர் யார், அவரிடம் அங்கீகார அட்டை இருக்கிறதா, காலை 8 மணிக்கு வாசலில் இருப்போம் என்று எழுதித் தருவீர்களா? பதிலில் மழுப்பல் தெரிந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். நல்ல வழிகாட்டிகள் இந்தக் கேள்வியைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

நல்ல வழிகாட்டி என்றால் எப்படி இருப்பார் என்று ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன். பெரிய பந்தாட்டக் களம் 168 மீட்டர் நீளம். மெசோஅமெரிக்காவில், அதாவது பழைய மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில், கண்டெடுத்த களங்களில் இதுவே மிகப் பெரியது. இரு பக்கச் சுவர்களிலும் உயரத்தில் கல் வளையங்கள் துருத்திக்கொண்டிருக்கும். எல்லோரும் அண்ணாந்து அதைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விஷயம் சுவரின் அடியில் இருக்கிறது. சாய்வான மேடையின் மேல் இரண்டு அணி ஆட்டக்காரர்கள் எதிரெதிரே வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு பந்து, அதற்குள் மண்டை ஓடு. ஒரு பக்கம் ஒருவன் கையில் கத்தியும் வெட்டிய தலையுமாக நிற்கிறான். எதிரே தலையற்ற உடல் மண்டியிட்டிருக்கிறது, கழுத்திலிருந்து பீறிடும் ரத்தம் பாம்புகளாக நெளிகிறது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது கோடுகள் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் அது வெறும் சொரசொரப்பான கல்லாகிவிடும். எங்கே நின்று எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்று காட்ட ஆள் வேண்டும்.

அப்புறம் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். தலை வெட்டப்பட்டவன் தோற்றவனா, ஜெயித்தவனா? ஜெயித்த தலைவன்தான், அது பெரும் கௌரவம் என்று அடித்துச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய. அதற்கு உறுதியான சான்று கிடையாது. நல்ல வழிகாட்டி இரண்டு கருத்துகளையும் சொல்லி, எதற்கு என்ன ஆதாரம், எங்கே ஊகம் தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுவார். வேற்றுக்கிரகவாசிகள், 2012இல் உலகம் அழியும் என்ற கதை என்று போகிறவரைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இவ்வளவு பெரிய நிஜம் கண் முன்னால் நிற்கும்போது கட்டுக்கதை எதற்கு?

அந்த நிஜத்துக்கு ஒரு கணக்கு. பிரமிடின் நான்கு பக்கமும் 91 படிகள், உச்சி மேடையையும் சேர்த்தால் 365. சம இரவுப் பகல் நாட்களில் மாலை வெயில் வடக்குப் படிக்கட்டின் பக்கச் சுவரில் முக்கோணங்களாக விழுந்து, அடியிலிருக்கும் கல் பாம்புத் தலையோடு சேர்ந்து ஒரு முழுப் பாம்பாகும். இதைப் பார்க்க மார்ச் 20 வாக்கில் பெருங்கூட்டம் கூடும். நிம்மதியாகச் சுற்றிப் பார்க்க விரும்புபவர் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. இந்தப் பிரமிடுக்குள் இன்னொரு பிரமிடு இருப்பதை 1930களில் கண்டுபிடித்தார்கள். உள்ளே பச்சைக்கல் பதித்த சிவப்பு ஜாகுவார் சிம்மாசனம் இருந்தது. அதற்கும் உள்ளே மூன்றாவதாக ஒன்று இருப்பதாக 2016இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இவை எதுவும் வெளியிலிருந்து தெரியாது, மேலே ஏறவும் அனுமதி இல்லை. சொல்லி விளங்கவைக்க ஆள் இல்லையென்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு செல்ஃபி.

எல் கரகோல் என்ற வட்டக் கோபுரத்துக்கு இது இன்னும் பொருந்தும். பேருந்துக் குழுக்கள் அங்கே போவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். அதன் ஜன்னல்கள் வெள்ளிக் கோள் அடிவானத்தில் மறையும் எல்லைகளை நோக்கி அமைந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாயா ஏடுகளில் வெள்ளியின் சுற்று 584 நாள் என்று கணித்து அட்டவணையே போட்டிருக்கிறார்கள். 1562இல் மானி என்ற ஊரில் ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தெ லாண்டா மாயா ஏடுகளைக் கொளுத்தியதற்குப் பிறகும் தப்பிப் பிழைத்த சில ஏடுகளில் ஒன்றில்தான் அந்த அட்டவணை இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு அந்த ஜன்னலைப் பார்ப்பது ஒரு அனுபவம், சும்மா பார்த்துவிட்டுப் போவது வேறு.

முடிந்தால் சிச்சென் இட்சாவை ஒட்டிய பிஸ்தே, வயடோலிட் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கேளுங்கள். மாயா நாகரிகம் அழிந்துவிட்டது, மாயர்கள் மறைந்துவிட்டார்கள் என்று படித்துவிட்டு வருகிறோம். யுகட்டான் மாயா மொழியை வீட்டில் பேசுவோர் இன்றும் மெக்சிகோவில் 7 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். அந்த மொழியில் தன் பாட்டியிடம் பேசி வளர்ந்த ஒருவர் மழைத் தெய்வம் சாக்கைப் பற்றிச் சொல்லும்போது, வயலில் மழைக்கு இன்றும் நடக்கும் படையலைப் பற்றியும் சேர்த்தே சொல்வார். எந்தச் சிற்றேட்டிலும் அது கிடைக்காது.

நாமே காரோட்டிப் போவதும் நல்ல வழிதான், சாலை பிரமாதம். ஆனால் இணையத்தில் ஒரு நாளைக்குப் பத்து டாலர் என்று காட்டும் வாடகையை நம்பிப் போகாதீர்கள். பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு மெக்சிகோவில் கட்டாயம். அது மேசையில் கையெழுத்துப் போடும்போதுதான் பில்லில் ஏறும், வாடகையைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். சுங்கக் கட்டணம் போக வர சில நூறு பெசோ ஆகும், ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சுங்கமில்லாத பழைய சாலை ஊர்களுக்குள் புகுந்து போகிறது. ஊருக்கு ஊர் பெரிய வேகத்தடைகள், சிலவற்றுக்கு முன்னால் பலகைகூட இருக்காது. பகலில் அழகான சாலை, இருட்டிய பின் வேண்டாம். சுங்கச் சாலையில் பெட்ரோல் பங்குகள் அரிது, கிளம்பும்போதே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

காரில் போனால் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டும் என்பதில்லை. வாசலிலேயே அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகள் இருப்பார்கள், ஆங்கிலத்தில் சொல்பவர் ஒரு குழுவுக்கு ஆயிரம் பெசோவுக்கு மேல் வாங்குவார். இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து பிரித்துக்கொள்ளலாம். ஆக, நேரம் உங்கள் கையில், வழிகாட்டியும் உண்டு, செலவு தனிப் பயணத்தைவிடக் கொஞ்சம் குறைவு. குறை என்னவென்றால் வாசலில் யார் வாய்ப்பார் என்பது அன்றைய அதிர்ஷ்டம். முன்பே விசாரித்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஐந்து நிமிடம் பேசிப் பார்த்துவிட்டுச் சரி என்று தோன்றினால் மட்டும் எடுங்கள்.

ரயிலைப் பற்றிக் கேட்கிறார்கள். மாயா ரயில் 2023 டிசம்பரில் கான்கூன் பக்கம் ஓடத் தொடங்கியது, சிச்சென் இட்சாவுக்கு நிலையமும் இருக்கிறது. நிலையத்திலிருந்து வளாகத்துக்கு மறுபடி ஒரு வண்டி பிடிக்க வேண்டும். கான்கூனிலிருந்து அன்றே போய்த் திரும்புவதற்கும், 8 மணிக்கு வாசலில் நிற்பதற்கும் இதை நம்ப முடியாது. ஆடோ நிறுவனத்தின் பேருந்துக்கும் இதே கதை, வசதியான வண்டிதான், சேரும் நேரம் தாமதம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. முதல் நாளே வயடோலிட் போய் ஒரு இரவு தங்கிவிடுவது. அங்கிருந்து சிச்சென் இட்சா சுமார் 45 கிலோமீட்டர்தான். சின்னச் சின்ன வண்ண வீடுகளும் நடுவில் தேவாலயமும் மரத்தடி பெஞ்சுகளுமாக அமைதியான ஊர். ஆள் சேர்ந்ததும் கிளம்பும் கொலெக்டிவோ வேன்கள் கான்கூன் செலவோடு ஒப்பிட்டால் சொற்பக் காசில் வாசலில் கொண்டுவிடும். விடியலிலேயே டாக்ஸி பேசிக்கொள்வது இன்னும் நிச்சயம். இரண்டு பேராகப் போகிறவர்கள், ஒரு இரவு ஒதுக்க முடிந்தவர்கள் கான்கூனிலிருந்து தனிப் பயணம் போட வேண்டாம். அந்தப் பணத்தில் இங்கே தங்கி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, மறுநாள் பக்கத்திலிருக்கும் இன்னொரு மாயா நகரமான எக் பாலாமையும் பார்த்துவிடலாம். எக் பாலாமில் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட அரசன் ஒருவனின் கல்லறை வாசல் இருக்கிறது. பற்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் ராட்சத வாய், மேலே இறக்கை வைத்த மனித உருவங்கள், எல்லாம் சுண்ணச் சுதையில். இவ்வளவு முழுமையாகச் சுதை வேலை தப்பிப்பது அபூர்வம்.

வயதான அம்மா அப்பாவையோ சிறு குழந்தைகளையோ அழைத்துப் போகிறவர்களுக்கு என் பதில் மாறிவிடும். அவர்களோடு ஊர் விட்டு ஊர் மூட்டை கட்டுவது சிரமம், பேருந்தின் கூட்ட அட்டவணை அதைவிடச் சிரமம். தனி வண்டி எடுங்கள். உள்ளே தரை சமமாக இருந்தாலும் நடை அதிகம். புனிதக் கிணற்றுக்குப் போகும் பாதை போகவர நீண்டுகொண்டே போகும். அப்பாவை நிழலில் உட்காரவைத்துவிட்டு வழிகாட்டி அவர் பக்கத்திலேயே நின்று மிச்சக் கதையைச் சொல்வார். பேருந்து வழிகாட்டிக்கு அதற்கு நேரம் கிடையாது. வெயில் ஏறியதும் 10.30க்கே கிளம்பிவிடலாம், அருகிலிருக்கும் இக் கில் செனோட்டேயில் பேருந்துகள் வருவதற்குள் இறங்கி எழுந்துவிடலாம். தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 26 மீட்டர் கீழே இருக்கிறது, படிகள் ஈரமாக வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்தே எட்டிப் பார்ப்பது நல்லது.

சைவச் சாப்பாடுக்காரர்களுக்கும் தனி வண்டி பெரிய உதவி. பேருந்துகள் நிறுத்தும் பஃபேயில் சோறும் சாலடும்தான் தேறும். கறுப்பு பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது அங்கே சாதாரணம், கேட்காமல் எடுக்க வேண்டாம். முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவைத்தால், தணலில் சுட்ட தக்காளியோடு பூசணி விதையை அரைத்துச் செய்யும் சிகில் பாக் கிடைக்கும் இடத்தில் நிறுத்துவார். சூடான மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியாவில் தொட்டுச் சாப்பிட்டால் நம் வீட்டுத் துவையலுக்கு உறவு என்றே சொல்வீர்கள்.

கடைசியாக, எல்லோரும் சிச்சென் இட்சாவுக்கே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. துலும் மாயர்களின் கடலோரக் கோட்டை, காட்சிக்கு அழகு, வழிகாட்டிக்குப் பெரிய தொகை செலவிடத் தேவையில்லை. கோபா என்ற மாயா நகரத்தில் காட்டுப் பாதைகளில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் நீங்கள் தங்குவது யுகட்டான் தலைநகர் மெரிடாவில் என்றால் தனி வழிகாட்டிக்கான பணத்தை உஷ்மால் என்ற மாயா நகரத்துக்குச் செலவிடுங்கள் என்பேன். மெரிடாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், கூட்டம் சிச்சென் இட்சாவோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. மந்திரவாதியின் பிரமிடு சுமார் 35 மீட்டர் உயரம், மூலைகள் மழுங்கி முட்டை வடிவ அடித்தளத்தில் நிற்கிறது. சுவரெங்கும் வளைந்த நீள மூக்கோடு சாக் முகங்கள். அந்தப் பூக் மலைப்பகுதியில் ஆறும் இல்லை, செனோட்டேயும் எட்டும் ஆழத்தில் இல்லை. மழை நீரைத் தரைக்கடியில் சுல்தூன் எனப்படும் தொட்டிகளில் சேர்த்துத்தான் ஒரு நகரமே வாழ்ந்தது. ஏன் இத்தனை மழைத் தெய்வ முகங்கள் என்பது அந்தத் தொட்டி ஒன்றின் வாயருகே நின்று கேட்கும்போது புரியும். அதே சாலையில் சற்றுத் தள்ளி கபா என்ற இன்னொரு மாயா நகரம் இருக்கிறது. அங்கே ஒரே சுவரில் சுமார் 250 சாக் முகங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பேருந்துப் பயணங்கள் பலவற்றில் கபா இருக்காது. வழிகாட்டியிடம் பேசும்போதே அதையும் சேர்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் கூடுதல் பணம் கேட்காமலே ஒப்புக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று மெக்சிகோ மக்களுக்கு நுழைவு இலவசம் என்பதால் எல்லா இடங்களிலும் கூட்டம் இருக்கும்.